வண்டவாளமும் தண்டவாளமும்

2018-ஆம் வருஷம் இந்தப் பூலோகத்தில் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே முப்பத்தைந்தே நாள்தான்.

முதலாவது, மே 5-ஆம் தேதி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஸாண்டஸ்கி என்று ஏரிக்கரை ஊர். அங்கே 'சீடர் பாயின்ட்' என்கிற பொழுதுபோக்குப் பூங்கா. 25 வருஷம் ஓடி ஓய்ந்த மர ரோலர் கோஸ்டர் ஒன்றின் பாதையை உரித்துப் போட்டு, புதுசாக இரும்புத் தண்டவாளம் மாட்டி, 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். 'இரும்பின் பழிவாங்கல்' என்று அர்த்தம். (டப்பிங் படத்துக்கு வைக்கவேண்டிய பெயர், போயும் போயும் ஒரு ராட்டினத்துக்கு வைத்துவிட்டார்கள்!)

இரண்டாவது, ஜூன் 9-ஆம் தேதி. நம்ம புனலூர் - செங்கோட்டை ரயில் பாதை. 1904-லிருந்து ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் மலைப்பாதையை உரித்துப் போட்டு, அகல ரயில் தண்டவாளம் போட்டு, மந்திரி வந்து கொடியசைத்தார். பழிவாங்குகிற பெயர் எதுவும் வைக்கவில்லை. நாம் எப்பவுமே சாதுக்கள்.

அமெரிக்காக்காரன் தன் சாமானை மூடியது 2016 செப்டம்பரில். ஒன்றரை வருஷம் சொச்சத்தில் திறந்துவிட்டான். நாம் மூடியது 2010 செப்டம்பரில். திறக்க ஏழரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏழரை! சனி பகவானிடம் எஸ்டிமேட் வாங்கின மாதிரி ஒரு கணக்கு.

"பாத்தீங்களா, அவன் அவன்தான்... நாம நாமதான்" என்று பக்கத்து சீட்காரரிடம் சலித்துக்கொள்ள வாயெடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதுக்குத்தான் இந்த வாரம் பேனாவைத் திறந்தேன்.

* * *

என் அக்கா மகனுக்கு வயசு பன்னிரண்டு. லீவுக்கு வந்தவன் செல்போனில் அந்த ஸ்டீல் வெஞ்சன்ஸ் வீடியோவைக் காட்டி, "மாமா, இது எத்தனை அடி தெரியுமா? 205!" என்றான்.

எனக்கு அடிக்கணக்கு என்றால் எப்போதுமே ஒரே அளவுகோல்தான். தென்காசி பெரிய கோயில் கோபுரம். அது சுமார் 180 அடி. ஆக, நம்ம கோபுரத்துக்கு மேலே இன்னும் இருபத்தைந்து அடி ஏற்றி, அங்கேயிருந்து செங்குத்தாகக் கீழே தள்ளிவிடுகிறார்கள். மணிக்கு 74 மைல் வேகம். நம்ம கணக்கில் 119 கிலோமீட்டர். வழியில் நாலு தடவை ஆளைத் தலைகீழாகப் புரட்டுகிறார்கள். கையில் காசும் வாங்கிக்கொள்கிறார்கள்!

இதில் விசேஷம் என்னவென்றால், அந்த வண்டி ஓடுகிற சாரம் இன்னமும் மரம்தான். பழைய 'மீன் ஸ்ட்ரீக்' என்கிற மர கோஸ்டரின் சாரத்தைப் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டு, பாதையை மட்டும் இரும்பாக்கியிருக்கிறார்கள். பழசு 161 அடி, 65 மைல் வேகம், குட்டிக்கரணம் கிடையாது. அதே எலும்புக்கூட்டுக்குப் புது நரம்பு போட்டதும் கிழவனுக்கு வாலிபம் திரும்பிவிட்டது.

"மரத்துல ஏன் மாமா முதல்ல கட்டினாங்க?" என்றான் பையன்.

நல்ல கேள்வி. மரப்பாதை என்றால் ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியும் போல்ட்டும் அடித்து, தலையில் மட்டும் பட்டையாக ஓர் இரும்புத் தகடு வைத்தது. சக்கரம் அந்தத் தகட்டில்தான் ஓடும். மரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கடகடவென்று சத்தம் போடும், லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் சுகம் என்று சொல்கிற ரசிகர் கூட்டம் அங்கே உண்டு.

ஆனால் மரத்தின் குணம் குற்றாலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனி ஆடியில் சாரல் அடிக்கிறபோது பின்கட்டுக் கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும். சித்திரையில் அதே கதவு ஊதினால் திறந்துகொள்ளும். கதவுக்கே இப்படியென்றால் டன் கணக்கில் வண்டி வந்து மோதுகிற வளைவுகள் என்ன பாடுபடும்? மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி, போல்ட் தளர்ந்து, சக்கரம் போகிற இடத்தில் பள்ளம் விழுந்து... முதல் வருஷம் தாலாட்டு, பத்தாவது வருஷம் மாட்டுவண்டி, இருபதாவது வருஷம் எலும்பு டாக்டர். மீன் ஸ்ட்ரீக் கடைசிக் காலத்தில் அதன் குலுக்கலுக்குத்தான் பேர்போனது.

மர கோஸ்டர் வைத்திருக்கிறவர்கள் அதுக்கென்றே தச்சர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் பாதை மேலேயே நடந்து, எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தப் பலகை வெடித்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் உத்தியோகம். ஜனங்கள் மேலே கையைத் தூக்கிக்கொண்டு அலறுகிறார்களே, அந்தச் சந்தோஷத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான்.

* * *

நான் பி.காம். ஆகவே எதைப் பார்த்தாலும் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் முதலில் தோன்றும்.

கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு சமாசாரம் உண்டு. நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டு வழியில் போடலாம். எந்த வழியில் போட்டாலும் ஒரு நாள் சாமானின் மதிப்பு ஒன்றுமில்லை என்றோ, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றோ வந்து நிற்கும். அப்புறம் அது 'பழைய இரும்பு' கணக்கு. காயலான் கடை.

மர கோஸ்டர் முதலாளிகளும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தார்கள். ஒன்று, வருஷா வருஷம் பலகை மாற்றி அழுதுகொண்டே ஓட்டுவது. இல்லையென்றால் புல்டோசரைக் கூப்பிடுவது. நடுவில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் ஐடஹோ மாநிலத்து 'ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' கம்பெனிக்காரர்கள். ஃப்ரெட் க்ரப் என்பவர் முதலாளி, ஆலன் ஷில்க்கி என்பவர் வடிவமைத்த இன்ஜினீயர்.

அவர்கள் யோசனை இதுதான். மரச் சாரம் ஸ்ட்ராங்காகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது பாதை மட்டும். அதுக்காகக் கட்டடத்தையே ஏன் இடிக்கவேண்டும்? இரும்புத் தகடுகளைக் கம்ப்யூட்டர் சொல்கிற கணக்குப்படி துல்லியமாக வெட்டி, 'ஐ' எழுத்து மாதிரி வெல்டிங் செய்து, பழைய சாரத்தின் மேலேயே உட்கார வைத்தால் என்ன? டெக்ஸஸ் மாநிலம் ஆர்லிங்டனில் 1990-ல் திறந்த 'டெக்ஸஸ் ஜயன்ட்' என்கிற மர கோஸ்டரில் முதல் பரீட்சை. 2009-ல் மூடி, 2011-ல் திறந்தார்கள். பாஸ்! அப்புறம் ஊர் ஊராக வரிசையாக ஆர்டர். அந்த வரிசையில் வந்ததுதான் ஸ்டீல் வெஞ்சன்ஸ்.

வெறும் ரிப்பேர் என்றால் அது வருவாயினச் செலவு. ரிப்பேர் பண்ணினதில் சாமானின் ஆயுசும் வருமானமும் கூடினால் அது மூலதனச் செலவு. எங்கள் வாத்தியார் இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க ஒரு முழு டெர்ம் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு ராட்டினத்தைக் காட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் புரிந்திருக்கும்.

* * *

இதுக்கும் நம்ம செங்கோட்டை ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் இல்லை, சொந்தமே உண்டு.

ரோலர் கோஸ்டருக்கு அப்பா ரயில்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்கிற ஊரில், 1827-ல் நிலக்கரி இறக்க மலையிலிருந்து ஒரு தண்டவாளம் போட்டார்கள். கீழே இறங்க எஞ்சின் வேண்டாம், சரிவே இழுத்துக்கொண்டு போகும். காலி வண்டியை மேலே இழுக்க மட்டும் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளையும் ஒரு பெட்டியில் ஏற்றி, வண்டியோடு வண்டியாகக் கீழே கொண்டுவருவார்கள். நாலு நாள் ஜாலியாக இறங்கிப் பழகினதும் கழுதைகள் கீழே நடந்து வரமாட்டேன் என்று அடம் பிடித்தனவாம்! உலகத்தின் முதல் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் அவர்கள்தான். பின்னால் மனுஷர்களும் காசு கொடுத்து ஏறினார்கள். அந்தச் சூட்டில் 1884-ல் நியூயார்க் கோனி தீவில் லா மார்க்கஸ் தாம்ஸன் என்பவர், ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்கு ஆறு மைல் வேகத்தில், பொழுதுபோக்குக்கென்றே ஒன்று கட்டினார். மிச்சம் சரித்திரம்.

இப்போது நம்ம பாதையைப் பாருங்கள். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். சுமார் 49 கிலோமீட்டர். முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் முட்டித் தள்ள, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குகிற பயணம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குகை ஒன்று வரும். உள்ளே நுழைந்ததும் பெட்டி மொத்தமும் 'ஓ...' என்று கத்தும். எல்.கே.ஜி.யும் கத்தும், எல்.ஐ.சி. ஏஜென்டும் கத்துவார். குகை முடிந்ததும் இரண்டு பேரும் யாரோ மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கழுதுருட்டி பக்கத்தில் கருங்கல்லில் கட்டின பதிமூன்று கண் பாலம். எங்களுக்கெல்லாம் அதுதான் ரோலர் கோஸ்டர். டிக்கெட்டும் சல்லிசு.

2010-ல் அதை மூடினார்கள்.

* * *

எங்கள் தெருவில் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயரான அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். முழங்காலுக்கு மேலே வேட்டியைத் தூக்கிக் கட்டி, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவரிடம்தான் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, அமெரிக்காவுல ஒண்ணரை வருஷத்துல தண்டவாளம் மாத்திட்டான். நமக்கு ஏன் ஏழரை வருஷம்?"

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவுஹ. மீட்டர்கேஜுக்கும் பிராட்கேஜுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"1000 மில்லிமீட்டர், 1676 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ரெண்டேகால் அடி."

"தண்டவாளம் ரெண்டேகால் அடிதான் தள்ளுது. ஆனா மேல போற வண்டி? பெட்டி அகலம் கூடுது, உசரம் கூடுது, வெயிட்டு கூடுது. பழைய குகைக்குள்ள புது வண்டி நொழையுமா? மலையைக் கொடைஞ்சு அகலமாக்கணும். அதுவும் எப்படி? குகை மேல விழாம! புதுசா தோண்டுறதைவிட இருக்கிறதைப் பெருசாக்குறது பெரும்பாடு தம்பி. பல் புடுங்குறவனுக்கும் பல் அடைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்."

"பாலம்?"

"பதிமூணு கண் பாலத்தை இடிச்சிட்டுப் புதுசு கட்டுறது லேசு. ஆனா இடிக்காம, கான்கிரீட் கொடுத்துப் பலப்படுத்தி, அது மேலேயே பெரிய வண்டியை விட்டிருக்கான். கல்லு வச்சுக் கட்டினவன் ஒரு கெட்டிக்காரன்னா, அதைக் கலைக்காம காப்பாத்தினவன் ரெண்டு கெட்டிக்காரன். அப்புறம் வருஷத்துல தென்மேற்கு ஒரு மழை, வடகிழக்கு ஒரு மழை. நடுவுல கிடைக்கிற நாள்லதான் வேலை. அங்க அமெரிக்காவுல சாரல் அடிக்கா?"

அடிக்கிறதா என்று எனக்கு ஞாபகத்தில் வரவில்லை. பேச்சை மாற்றினேன்.

அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரிதான் என்றாலும், ஏழரை வருஷம் என்பது ஏழரை வருஷம்தான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்கள். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளிகள், பழக்கூடையோடு வண்டி ஏறுகிறவர்கள், மலைக்கு அந்தப்பக்கம் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மாநில எல்லைதான் ஆரியங்காவோடு முடிகிறது. சம்பந்தி எல்லை கொல்லம் வரைக்கும் போகும்.

எங்கள் தெருக்கோடி அத்தை ஒருத்தியின் மகள் புனலூரில் இருக்கிறாள். பாதை மூடின வருஷம் பேரன் கைக்குழந்தை. அத்தைக்கு பஸ் ஏறினால் ஆகாது. மலை வளைவில் நாலாவது திருப்பத்திலேயே எலுமிச்சம்பழத்தைத் தேடுகிற உடம்பு. "ரயில் விட்டதும் வாரேன் தாயி" என்று போனில் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிப்போயின. ரயில் விட்டார்கள். அத்தை போய் இறங்கினபோது பேரன் இரண்டாங்கிளாஸ். "யாரும்மா இது?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டானாம். அத்தை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் அடுப்பில் என்னவோ கருகுகிறது என்று உள்ளே போய்விடுவாள்.

ஆகவே, புதுப்பிக்கிற வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதும் நிஜம், அந்த நாளெல்லாம் யாரோ ஒருவரின் ஆயுசிலிருந்து கழிகிறது என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே பேரேட்டில்தான் எழுதவேண்டும்.

* * *

மரத்தில் இரும்பைச் சேர்க்கிற வித்தை நமக்கும் புதுசில்லை. திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். மேலே மரம், கீழே திருச்சி 'பெல்' தொழிற்சாலை செய்துகொடுத்த இரும்புச் சக்கரம், கூடவே ஹைட்ராலிக் பிரேக். முன்னெல்லாம் முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் சொருகித்தான் தேரை நிறுத்துவார்கள். போடுகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போடுவார். 'அரதப்பழசில் இரும்பா?' என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். தியாகராஜர் ஆட்சேபிக்கவில்லை.

இங்கேயும் அமெரிக்காவிலும் ஒரே மாதிரி புலம்புகிற கோஷ்டி ஒன்று உண்டு. "பழைய மர கோஸ்டரோட உறுமல் போச்சு" என்று அவர்கள். "மீட்டர்கேஜ் வண்டியோட ஆட்டம் இதுல ஏது?" என்று நம்மவர்கள். நானும் அந்த ஆட்டத்தில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு வளர்ந்தவன்தான். எனக்கும் ஏக்கம் இருக்கிறது. ஆனால் ஏக்கத்துக்காக வண்டி ஓட்டமுடியாது. குலுங்கினால்தான் சுகம் என்பவர்கள் எல்லாம் ஜன்னலோர சீட்டுக்காரர்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்ணிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

இன்னொன்று. இரும்பு போட்டாயிற்று என்று காலை நீட்டித் தூங்கவும் முடியாது. சாரலுக்கு மரம் ஊறும் என்றால் இரும்பு துருப்பிடிக்கும். மண் சரியும், மரம் விழும். ஆகவே மலைப்பாதையில் இன்றைக்கும் ஆட்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மந்திரி ஒரு நாள் வருவார். இவர்கள் தினம் வரவேண்டும். இவர்களுக்கு மாலையும் கிடையாது, மைக்கும் கிடையாது.

இந்தக் குறையை ஒரே ஒரு ஆள் யோசித்திருக்கிறார். அவரும் நம்ம ஊர்க்காரர்தான்! பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன். கோயிலைக் கட்டின ராஜாக்கள் என்ன எழுதிவைப்பார்கள்? 'நான் கட்டினேன், என் அப்பா இன்னார், நான் ஜெயித்த ஊர் இத்தனை' என்று எழுதுவார்கள். இவர் கல்லில் வெட்டிவைத்த பாட்டின் சாரம் வேறு. 'வரக்கூடாத குறை ஏதாவது இந்தக் கோயிலுக்கு வந்துவிட்டால், அதைச் சரிபண்ணிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் சரி, உலகம் அறிய இப்பொழுதே அவரைப் பணிந்தேன்' என்கிறார். கட்டின ராஜா, எப்போதோ வரப்போகிற ரிப்பேர்காரரைக் கும்பிடுகிறார்!

குறையும் வந்தது. ராஜகோபுரம் சிதைந்து இரண்டாகப் பிளந்து, மொட்டைக் கோபுரமாகக் காலம் காலமாக நின்றது. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே ஒன்பது நிலை எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. இன்றைக்கு வாசலில் நம்மை உள்ளே தள்ளுகிற அந்தக் குற்றாலக் காற்றில் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அது ராஜா முன்கூட்டியே கும்பிட்டுவைத்த வேலை.

திண்ணை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளத்துல நடந்தேன் தம்பி. ஒருத்தன் வணக்கம் சொன்னதில்ல. ராஜாவா சொல்லியிருக்காரு?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்காமல் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதே உருக்கத்தோடு வீட்டுக்கு வந்து அம்மணியிடமும் கல்வெட்டுக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல் முழுசும் கேட்டாள்.

"ஏங்க, அந்த ராஜா சொன்னது ரொம்ப சரி" என்றாள்.

"பார்த்தாயா!"

"பின்கட்டுல மூணு வருஷமா ஓடு ஒழுகுது. சாரல் ஆரம்பிக்கறதுக்குள்ள அதை மாத்திக் குடுங்க. உலகம் அறிய வேண்டாம், தெரு அறிய நானும் உங்களைக் கும்பிடுறேன்."

ஓட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதல் கும்பிடு அவருக்குத்தான்.